சார்லியின் அத்தை

பிராண்டன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய ‘சார்லியின் அத்தை’ என்ற பிரகசனம், 1892 பிப்ரவரி 29 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் சிற்றூரில் முதன்முதலாக அரங்கேறிற்று. ஆண்டின் இறுதியில் இலண்டனை அடைந்த அது, 1896 வரை இடைவிடாது 1,466 முறை நடிக்கப்பெற்றது.

கதை எளிது. ஆக்ஸ்போர்டு மாணவர் இருவர், தாம் காதலிக்கும் மங்கையரை விருந்துக்கு அழைக்கின்றனர். மூத்த பெண்மணி ஒருத்தி உடனிருந்தால்தான் அவர்கள் வருவர். பிரேசிலிலிருந்து வரவேண்டிய அத்தையோ குறித்த நேரத்தில் வரவில்லை. ஆகவே, நண்பனொருவனுக்குப் பெண் வேடமிட்டு அத்தையாக அமர்த்துகின்றனர். முதியவர் இருவர் அந்த ‘அத்தை’யின் செல்வத்தைக் கருதி அவளை மணக்க முந்துகின்றனர். அந்த வேளையில் உண்மையான அத்தையும் வந்துவிடுகிறாள்!

இந்நாடகம் பிறப்பதற்கு ஓராண்டு முன்னரே, 1891-இல், பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். அங்கும் ஆடவரே பெண் வேடம் பூண்டனர். ஆனால் எவரும் நகைக்கவில்லை. ரங்கவடிவேலு நாயகியாகத் தோன்றியபோது அவையோர் நாயகியையே கண்டனர். 1940-களில் டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்தார். ‘ஔவை’ என்பது அவர் பெயருடனேயே ஒட்டிக்கொண்டது. மராத்தி மேடையில் பால கந்தர்வரின் புகழும் இத்தகையதே.

ஆடவன் சேலையுடுத்துவது அன்றாட வழக்கமாயுள்ள மேடையில், அதனை மட்டும் காட்டிச் சிரிப்பூட்டுவது எங்ஙனம்? மராத்தி மேடைக்கு நடிகையர் வந்து சேர்ந்த பின்னர், 1940-களின் பிற்பகுதியில்தான் ஆச்சார்ய ஆத்ரே இந்நாடகத்தை ‘மோரூசி மாவ்ஷி’ என்று தழுவி எழுதினார். இது தற்செயலன்று என்பது என் கருத்து. 1980-களில் விஜய் சவான் அவ்வேடத்தில் மீண்டும் மகாராஷ்டிரத்தைக் குலுங்கச் சிரிக்கவைத்தார்.

‘மாவ்ஷி’ என்றால் தாயின் உடன்பிறந்தாள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல் போதும். நமக்கோ அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று முடிவு செய்தாக வேண்டும். அத்தையெனில் முறைப்பெண் நினைவுக்கு வருவாள். கதையே வேறு திசையில் ஓடிவிடும். ஆதலால், மந்தாரக்குப்பத்துப் பள்ளியொன்றின் ஆண்டு விழாவில் இதனை நடிக்க விரும்புவோர் ‘பெரியம்மா’ என்றே வைத்துக்கொள்ளலாம். வேடமிடும் மாணவன் பெண்ணாகத் திறம்பட நடித்துவிடக் கூடாது. சேலைக்குள்ளிருந்து ஆண்பிள்ளையின் நடை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். அவையிலுள்ள யாவருக்கும் அது தெரிய வேண்டும். மேடையிலுள்ள முதியவர் இருவருக்கு மட்டும் தெரியவே கூடாது.