டர்போ தாமதம்: காரணமும் களையும் வழியும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை அடுத்து ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் அமைந்துள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு 2016 ஏப்ரலில் ஜப்பானின் இசுசூ நிறுவனம் வாகன ஆலையைத் திறந்தது. அந்நிறுவனம் 2021இல் வெளியிட்ட டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியின் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் 163 குதிரைத்திறன் தர வல்லது. டர்போ இல்லாத டீசல் எஞ்சினில் இவ்வளவு திறனைப் பெற இருமடங்குக்கும் மேற்பட்ட கொள்ளளவு வேண்டியிருக்கும்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்தே டர்போவுக்கு அடிப்படையாகும். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம்; திறனும் உயரும்.

தாமதம் ஏன்?

டர்போவை இயக்குவது புகையே. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகையின் அளவும் வேகமும் குறைவு. ஓட்டுநர் முடுக்கியை மிதித்ததும் புகை பெருகி, சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் வேகம் கொள்ளச் சிறிது நேரம் ஆகிறது. இந்த இடைவெளியே டர்போ தாமதம் எனப்படும். மேலே கூறிய எஞ்சினின் முழு முறுக்குவிசை 2,000 முதல் 2,500 சுற்றுகளுக்குள் கிடைக்கிறது. அதற்குக் கீழே எஞ்சினை ஓடவிட்டு, உயர்ந்த கியரில் ஏற்றம் ஏற முயன்றால் எந்த டர்போ வண்டியும் திணறவே செய்யும்.

எனவே முதலில் அறிய வேண்டியது, தாமதம் இயல்பானதா, பழுதினால் வந்ததா என்பதாகும். புதிதாக வாங்கிய நாள் முதல் ஒரே அளவில் இருந்து, கியரைக் குறைத்ததும் மறையுமாயின் அது இயல்பானது. திருமலைப் பாதை போன்ற ஏற்றங்களில் உரிய நேரத்தில் கியரைக் குறைப்பதே அதற்கு மருந்து. முன்பு இல்லாத தாமதம் புதிதாகத் தோன்றினாலும், கரும்புகை, சீழ்க்கை ஒலி, மிகுதியான டீசல் செலவு ஆகியவை உடன் சேர்ந்தாலும் பழுது என்றே கொள்ள வேண்டும்.

சோதிக்கும் முறை

பழுது என்றவுடன் டர்போவையே மாற்றிவிடுவது பலரது வழக்கம். இது சரக்கு வண்டியை நம்பிப் பிழைப்பவருக்குப் பெருஞ்செலவு. குற்றம் பெரும்பாலும் டர்போவைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளில் இருப்பதால், எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே முறையாகும்.

முதலாவதாக, காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். தூசி அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய்களையும் இறுக்குப் பட்டைகளையும் ஆராய வேண்டும். குளிர்ந்த நிலையில் குழாய்களுக்குக் குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிச் சோப்பு நீர் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். விரிசல் கண்ட குழாயை மாற்றுவதோடு பல வண்டிகளின் குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக, டர்போவின் இறக்கைகளை அல்லது திறப்பு வால்வை இயக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும். வெற்றிடத்தால் இயங்கும் வகையாயின் கைப்பம்பைப் பொருத்திப் பார்க்கலாம். தண்டு தடையின்றி நகர வேண்டும். கரி படிந்து இறக்கைகள் சிக்கியிருந்தால் கழற்றித் தூய்மை செய்தல் பயன் தரும்.

நான்காவதாக, கணினிக் கருவியை இணைத்து, எஞ்சின் கோரும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். இடைவெளி மிகுந்திருந்தால் காற்றளவு உணர்கருவி, புகை மறுசுழற்சி வால்வு, கரி வடிகட்டி ஆகியவற்றை ஆராய வேண்டும். மறுசுழற்சி வால்வை அடைத்துவிடுவது சில பட்டறைகளில் காணும் குறுக்குவழி. அது காற்றை மாசுபடுத்தும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 விதிகளின் நோக்கத்திற்கும் மாறானது.

இறுதியில்தான் டர்போவைக் குறை கூறலாம். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் சக்கரத்தைக் கையால் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பே. முன்னும் பின்னும் உணரத்தக்க அசைவு இருந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசியிருந்தாலோ, நீலப்புகையுடன் எண்ணெய் குறைந்தாலோ தாங்கி தேய்ந்துள்ளது எனலாம். அப்போது டர்போவை மாற்றும் முன் எண்ணெய்க் குழாயின் அடைப்பையும் நீக்க வேண்டும்; இல்லையேல் புதியதும் விரைவில் கெடும்.

காப்பு

டர்போவின் ஆயுள் எண்ணெயில் உள்ளது. தயாரிப்பாளர் குறித்த தரத்திலான எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது இன்றியமையாதது. நீண்ட ஏற்றத்திற்குப் பின் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

நம் சாலைகளில் டர்போ வண்டிகள் பெருகிவிட்டன. ஆனால், நகர்ப்புறத்துக்கு அப்பாலுள்ள பட்டறைகளில் கணினிக் கருவியும் அதைப் படிக்கும் பயிற்சியும் இன்னும் பரவ வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்தப் படிமுறைச் சோதனையைச் செய்முறையாகக் கற்பிக்குமாயின், வண்டி உரிமையாளரின் பணமும் நாட்டின் டீசலும் மிச்சமாகும். காற்றும் தூய்மை பெறும்.