சமையல் மேடைக்கு ஏற்ற கல்

இல்லத்தை அலங்கரிக்கும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறிவருவது இயல்பேயாயினும், திரைச்சீலையும் சுவரின் வண்ணமும் மனம் சலித்தபோது மாற்றிக்கொள்ளத் தக்கவை. சமையல் மேடையின் கல்லோ, ஒருமுறை பதித்துவிட்டால் ஒரு தலைமுறைக்காலம் நிலைத்து நிற்க வேண்டியது. இந்நாளில் வெண்ணிற மேடைகளின் மீது பலருக்கும் பெருவிருப்பம் உண்டாகியிருக்கிறது. நிறத்தை மட்டும் கண்டு மயங்காமல், கல்லினுள் அடங்கிய கனிமங்களின் சுபாவத்தையும், புளியும் எலுமிச்சையும் மஞ்சளும் அன்றாடம் புழங்கும் நம் அடுக்களையின் இரசாயனத்தையும் ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

சலவைக்கல் பிரதானமாகக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது; தாஜ்மகாலுக்குக் கல் தந்த ராஜஸ்தானத்து மக்ரானாவின் உயர்ந்த சலவைக்கல்லும் இதற்கு விலக்கன்று. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ புளியின் டார்டாரிக் அமிலமோ இதன்மேல் பட்டால், கார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேற, மெருகேற்றிய பரப்பு அரிக்கப்பட்டு அவ்விடம் ஒளி மங்கிப்போகும். அது மேலே படிந்த கறையன்று, கல்லே கரைந்த இடம். ஆதலால் மீண்டும் மெருகிட்டாலன்றி எவ்வளவு தேய்த்தாலும் மறையாது. நம் நடுத்தரக் குடும்பங்களின் அடுப்பு மேடைகளாக நெடுங்காலம் உழைத்த ஆந்திரத்துக் கடப்பைக் கல்லும், நிறம் கறுப்பாயினும், சுண்ணாம்புப்பாறை இனத்தைச் சேர்ந்ததே. புளிக்கரைசல் சிந்திய இடங்களில் அது வெளிறுவதற்கும் இதுவே காரணம்.

பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா முதலிய படிகங்கள் ஒன்றோடொன்று பிணைந்து உண்டான கிரானைட்டின் இயல்போ முற்றிலும் வேறானது. 1812 இல் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையில், சலவைக்கல்லின் கால்சைட் 3 ஆம் படியிலும், ஃபெல்ட்ஸ்பார் 6 ஆம் படியிலும், குவார்ட்ஸ் 7 ஆம் படியிலும் நிற்கின்றன. எஃகுக் கத்தி ஏறத்தாழ 5½. ஆகவே, சலவைக்கல்லைக் கீறும் கத்தி கிரானைட்டின்மேல் தன் கூர்மையையே இழக்கிறது. சமையலறை அமிலங்களும் அதை அசைப்பதில்லை. ஆயினும் வியாபாரப் பெயரை நம்பிவிடலாகாது. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று பெயர்பெற்ற கல் நம் மதுரைப் பக்கத்தில் வெட்டப்படுவது. கறுப்பு கிரானைட் என விற்கப்படுவது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. வெளிர்நிறக் கற்கள் சிலவற்றில் நுண்துளைகள் மிகுந்திருப்பதால் எண்ணெய் உள்ளிறங்கும்; அவற்றுக்கு அவ்வப்போது காப்புப்பூச்சு தேவை.

இப்பொழுது பெருமளவில் விற்பனையாகும் செயற்கைக் குவார்ட்ஸ், இத்தாலியில் 1963 இல் தொடங்கப்பட்ட பிரெட்டன் நிறுவனம் வளர்த்த தொழில்நுட்பத்தால் பரவியது. ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்தி இறுக்குவதால், அது கறையை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஆனால் அப்பிசின் வெப்பத்துக்கு அஞ்சுவது. அடுப்பிலிருந்து இறக்கிய இருப்புச்சட்டியை நேரே வைத்தால், அவ்விடம் பழுப்பேறவும் விரிசலுறவும் கூடும்.

ஆதலின், கடைக்காரரிடம் ஒரு துண்டை வாங்கிவந்து, எலுமிச்சைச் சாற்றையும் மஞ்சள் கலந்த நல்லெண்ணெயையும் ஓரிரவு அதன்மேல் வைத்து, மறுநாள் கழுவிப் பார்ப்பது எந்த விளம்பரத்தினும் நம்பத்தக்க பரீட்சையாகும்.

இத்தனையும் வாங்குவோரின் நலம் கருதியவை. கல்லை அறுப்போரின் நலமும் எண்ணத்தக்கது. செயற்கைக் குவார்ட்ஸை உலர்நிலையில் அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து, தீராத சிலிகோசிஸ் நோயை விளைவிக்கிறது. இக்காரணத்தாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்தது. கிரானைட்டிலும் சிலிகா உண்டு, அளவில்தான் குறைவு. எனவே, எக்கல்லை வாங்கினும், தண்ணீர் பாய்ச்சி ஈரத்திலேயே அறுக்கிறார்களா, தொழிலாளருக்கு உரிய முகக்கவசம் தந்திருக்கிறார்களா என்று கேட்டறிந்து, அவ்வாறு செய்யும் பட்டறையிடமே வேலையை ஒப்படைப்பது, வீடு கட்டும் ஒவ்வொருவரும் ஏற்கவேண்டிய கடமையாகும்.