பிரிட்ஜை லயத்துக்குக் கொண்டு போவது எப்படி?



ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி இருந்த காம்பராதான் லயத்திலேயே பெரிய வீடு. இன்று பல காம்பராக்களில் பிரிட்ஜ் இருக்கிறது. சீட்டுக் காசிலோ, கடையில் தவணைக்கோ, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய பணத்திலோ வாங்குகிறோம். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் கடை லொறி பெரும்பாலும் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து லயம் வரை படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும்தான். "நாலு பேரு புடிச்சா முடிஞ்சிரும்" என்று தூக்கிவிடுகிறோம். முதுகு பிடிப்பதும், கால்விரல் நசுங்குவதும், பிரிட்ஜ் பள்ளத்தில் உருளுவதும் இந்தக் கொஞ்ச தூரத்தில்தான்.

கீழே விழுந்து உடைந்த பிரிட்ஜுக்குக் கடையின் உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்காது. தவணையோ நிற்காது. முதுகு போனால் அதைவிட மோசம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது, வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமானைத் தூக்கி அடிபட்டால் அதில் ஒன்றும் கேட்க முடியாது. மலைக்குப் போகாத நாளுக்கு அரைப் பேர்கூட விழாது. ஆகவே தூக்குவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

பாரம் எங்கே இருக்கிறது?

ஒரு கதவுள்ள சிறிய பிரிட்ஜ் ஏறத்தாழ 35 முதல் 45 கிலோ இருக்கும். இரண்டு கதவுள்ளது 50 முதல் 70 கிலோ வரை போகும். "50 கிலோ உர மூடையையே தோளில வைக்கிறோம், இது என்ன பெரிசு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். மூடை உடம்போடு படியும், பிரிட்ஜ் படியாது. பிடித்துக்கொள்ளவும் வாகான இடம் கிடையாது. கொம்பிரசர் என்கிற கனமான மோட்டார் பின்பக்கம் அடியில் இருப்பதால், கொஞ்சம் சாய்த்தாலே பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். கொழுந்துக் கூடையைப் போலத் தலையில் கயிறு மாட்டி, தனி ஆளாக முதுகில் சுமப்பது மிகவும் ஆபத்து. கழுத்தெலும்பும் முதுகெலும்பும் தாங்காது.

தூக்குவதற்கு முன்

1. பாதையை ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பாருங்கள். பாசி பிடித்த படி, ஆடும் கல், கானுக்கு மேலே போட்ட பலகை எல்லாவற்றையும் கவனியுங்கள். இடையில் இறக்கி வைக்கச் சமமான இடங்களையும் முன்பே தீர்மானியுங்கள்.

2. வாசலை அளந்து பாருங்கள். டேப் இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். இஸ்தோப்பில் திரும்பும் இடத்தையும் அளக்க வேண்டும். வாசல் போதாவிட்டால் வீட்டுக் கதவைப் பிணைச்சலோடு கழற்றி வைக்கலாம்.

3. மலைநாட்டில் பல நாட்களில் பின்னேரம் மழையும் மூடுபனியும் வந்துவிடும். காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது.

4. ரப்பர் செருப்போடு தூக்க வேண்டாம். சப்பாத்தோ பூட்சோ போடுங்கள்.

5. பழைய பிரிட்ஜ் என்றால் முதல் நாளே பிளக்கைக் கழற்றி, சாமான்களை எடுத்து, ஐஸ் கரைய விடுங்கள். ஐஸைக் கத்தியால் குத்த வேண்டாம். உள்தட்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, கதவைக் கட்டி, ஒயரைச் சுருட்டி வையுங்கள்.

பாதையில்

தடித்த கயிற்றையோ அகலமான பட்டியையோ அடிப்பக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கொடுத்து, மேலே கொண்டுவந்து இறுக்கிக் கட்டினால் கைபிடிக்க இடம் கிடைக்கும். கதவுப் பிடியிலோ, பின்னால் இருக்கும் குழாய்களிலோ கை வைக்கக் கூடாது. குனிந்து தூக்காமல், முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, பாரத்தை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். பாரத்தோடு இடுப்பைத் திருப்பாதீர்கள். காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்ப்பக்கம் நிற்பவர்கள் மேல்தான் அதிக பாரம் விழும். ஆகவே பலமானவர்கள் கீழே நிற்கட்டும். அவர்களும் நேர்கீழே நில்லாமல் இரண்டு மூலைகளிலும் நிற்க வேண்டும். தூக்காத ஒருவர் முன்னால் நடந்து "படி, வளைவு, நில்லு" என்று குரல் கொடுக்கட்டும். அந்த ஒருவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். ஆளாளுக்குச் சத்தம் போட்டால் கால் தடுமாறும்.

ஒன்றை மறக்காதீர்கள். பிரிட்ஜ் கைநழுவினால் பிடிக்கப் பாய வேண்டாம். விலகிவிடுங்கள். பிரிட்ஜை மறுபடி வாங்கலாம்.

நிமிர்ந்தே வரட்டும்

லொறியிலும் பாதையிலும் பிரிட்ஜ் நின்றபடியே வருவதுதான் நல்லது. கொம்பிரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அந்த எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். அப்படியே கரண்ட் கொடுத்தால் மோட்டார் கெட்டுப்போகலாம். நின்றபடி வந்திருந்தால் இரண்டு, மூன்று மணித்தியாலம் பொறுத்து பிளக்கை மாட்டுங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால் நிமிர்த்தி 24 மணித்தியாலம் விடுவது பத்திரம். கூடவரும் புத்தகத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

காம்பராவுக்குள்

விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சூட்டில் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில்லும் ஏறும். இன்னொரு காரணமும் உண்டு. புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்-600ஏ என்ற காஸ் இருக்கிறது. அது எரியக்கூடியது. வரும் வழியில் குழாய் அடிபட்டிருந்தால், அல்லது "உஸ்" என்று சத்தம் கேட்டால், அடுப்பை அணையுங்கள், கதவு ஜன்னலைத் திறவுங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். திருத்துபவர் வந்து பார்க்கும்வரை கரண்ட் கொடுக்க வேண்டாம்.

சுவரிலிருந்து குறைந்தது 2 அங்குலமாவது தள்ளி, ஆடாமல் சமமாக வையுங்கள். பல்ப் ஹோல்டரிலிருந்து எடுத்த கரண்டிலோ, பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த மெல்லிய ஒயரிலோ பிரிட்ஜை மாட்டவே கூடாது. மோட்டார் புறப்படும் நேரத்தில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒயர் சூடேறி உருகும். லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அடுத்த வீட்டையும் விடாது. ஏர்த் ஒயர் உள்ள பிளக் பேஸும், வேலை செய்கிற டிரிப் சுவிட்சும் இருக்கின்றனவா என்று தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியும் பிள்ளைகளும்

பழுதான பிரிட்ஜை லயத்துக்குப் பின்னால் அப்படியே போட்டுவிடக் கூடாது. ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கூப்பிடும் சத்தமும் வெளியே கேட்காது. ஆகவே முதல் வேலையாகக் கதவைக் கழற்றிவிடுங்கள். தூக்கும் நேரத்திலும் சின்னப் பிள்ளைகளை ஒரு பெரியவரின் பொறுப்பில் தள்ளி நிறுத்துங்கள்.

அடிபட்டால்

முதுகு பிடித்தவரை எண்ணெய் போட்டு மிதிக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். விழுந்து முதுகிலோ கழுத்திலோ பலமாக அடிபட்டவரைப் புரட்டாமல், அசைக்காமல் வைத்து, 1990க்குக் கோல் எடுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

ஒரு பிரிட்ஜுக்காகப் பல மாதம் மிச்சம் பிடிக்கிறோம். அதைக் கொண்டுவர ஒரு மணித்தியாலம் கூடுதலாகச் செலவழிந்தால் பரவாயில்லை. அயல் காம்பராக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக்குச் சாமான் வரும்போது நாமும் ஒரு கை கொடுப்போம்.