செல்போனில் வந்த பணம், செல்போனில் வந்த கடன்

நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனசு கொஞ்சம் வலிக்கும். போனில் தட்டும்போது அந்த வலி தெரியாது, அதனால் கை நீளும் என்பார்கள். கென்யாவின் அனுபவம் இவ்வளவு எளிதாக முடியவில்லை.

2007 மார்ச்சில் அங்கே சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையைத் தொடங்கியது. ஸ்மார்ட்போனும் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம். பட்டன் போன் போதும். தெருமுனைக் கடையில் இருக்கும் முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் நோட்டில் எழுதிக்கொள்வார். எஸ்எம்எஸ் வந்ததும் பணம் போனில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதுவரை நைரோபியில் சம்பாதித்தவர்கள், ஊருக்குப் பணம் அனுப்ப பஸ்காரரையோ தெரிந்தவரையோ நம்பியிருந்தார்கள்.

இதனால் குடும்பச் செலவு எப்படி மாறியது? வில்லியம் ஜாக், தவ்நீத் சூரி என்ற பொருளியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. நோய், வேலையிழப்பு, விளைச்சல் பொய்ப்பது என்று அடி விழுந்தபோது, எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 சதவீதம் சரிந்தது. எம்-பெசா வைத்திருந்தவர்கள் வீட்டில் சரியவில்லை. கஷ்டம் என்றதும் தொலைதூர உறவினர்களிடமிருந்தும் உடனே பணம் வந்ததுதான் காரணம். எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாக இருவரும் 2016-ல் மதிப்பிட்டார்கள். ஆடம்பரச் செலவு கூடியதா என்ற கேள்வியைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிறகு அதே போனில் கடனும் வந்தது. 2012-ல் வந்த எம்-ஷ்வாரியில் 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 சதவீதமாக இருந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆண்டுக்குப் பெருக்கினால் 90. 2019-ல் ஃபுலிசா என்ற சேவை வந்தபின், ஒவ்வொரு முறையும் கடன் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. பலசரக்குக் கடையில் பில் 500 ஷில்லிங், கணக்கில் இருப்பது 350 என்றால், குறையும் 150-ஐ ஃபுலிசா நிரப்பிவிடும், கட்டணத்தோடு. மறுநாள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கென்று அண்ணன் அனுப்பும் பணம் கணக்கில் விழுந்ததுமே, அந்தப் பாக்கியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆபத்துக்கு உதவிய அதே வழியில்தான் இந்த வசூலும் நடக்கிறது.

செயலிவழிக் கடன் நிறுவனங்களை உரிமம் பெற வைக்கும் சட்டத்தை கென்யா 2021-ல் கொண்டுவந்தது. இந்தியாவிலோ, வங்கி முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கடனிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் கட்ட 2023-ல் ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. சேமிப்புக் கணக்கு இருக்கும் அதே செயலியில், பக்கத்திலேயே கடன் கணக்கையும் இணைத்துக்கொள்ளலாம்.