உங்களுக்குத் தெரியுமா? காணிப்பாக்கத்துச் சத்தியமும் திக்கும் நாக்கும்

● சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் இருக்கிறது காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில். அதன் தலபுராணத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. கிணறு தோண்டியபோது கருவி கல்லில் பட்டு ரத்தம் பீறிட, மூவர் குறையும் நீங்கியதாம். திக்கித் திக்கிப் பேசும் நான்காவது தம்பி இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

● கடன் தகராறு, களவு என்றால் அந்த விநாயகர் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். சொல்வது உண்மையா என்பதுதான் அங்கே கேள்வி. தடங்கலில்லாமல் சொன்னாயா என்று யாரும் பார்ப்பதில்லை. விசாரணை அறையிலும் இன்டர்வியூவிலும் நிலைமை தலைகீழ். வார்த்தை தடுமாறினால் ‘ஏதோ மறைக்கிறான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

● பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குவாய் உண்டு என்பது பொதுவான கணக்கு. பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தில் 2011-இல் சுமார் 41.7 லட்சம் பேர். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

● இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். பெண்பிள்ளைகளுக்குச் சரியாகும் வாய்ப்பு இன்னும் அதிகம். மீதிப் பேருக்கு அது நீடிப்பதற்குப் பயமோ, பிறரைப் பார்த்துப் பழகியதோ, பூர்வ ஜன்மப் பாவமோ காரணமல்ல. மூளை பேச்சை நடத்தும் விதத்திலும் பரம்பரையிலும் அதன் வேர் இருக்கிறது. 2010-இல் இதோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். பாட்டி உரைத்துத் தடவும் வசம்பு அதுவரை எட்டாது.

● திருமலைப் படியேறும்போது கூட்டத்தோடு சேர்ந்து ‘கோவிந்தா’ போடுங்கள். திக்குபவருக்கும் அநேகமாகத் திக்காது. பாட்டிலும் அப்படித்தான். ஆனால் பலருக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு. மற்ற வார்த்தை வராவிட்டால் வேறு வார்த்தைக்குத் தாவலாம், பெயருக்கு மாற்று ஏது?

● ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ஒரு திக்குவாய்க்காரர். தன் வாழ்க்கையையே பெரிதும் நாவலாக்கியபோது (1915) நாயகனுக்குத் திக்கலைத் தராமல் வளைந்த பாதத்தைக் கொடுத்தார். அதே மாம் 1938-இல் திருவண்ணாமலைக்கு வந்து, பேச்சைக் குறைத்து மௌனத்திலேயே பதில் சொல்லும் ரமணர் முன் அமர்ந்தார். பொருத்தமான இடம்தான்!

● திக்குபவர்களுக்கு முன்மாதிரி என்றதும் ஹிருத்திக் ரோஷனையோ, இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜையோ சொல்வார்கள். ஜார்ஜைப் பற்றிய படம் நான்கு ஆஸ்கர் வாங்கியது. திரைக்கதை எழுதியவரும் சிறுவயதில் திக்கியவர். எனக்கென்னவோ இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். கேரளத்தின் முதல் முதல்வராக 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி பதவியேற்றவர், 1967-இல் மறுபடியும் முதல்வர், பிறகு மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். திக்கல் போகட்டும் என்று காத்திராமல் திக்கிக்கொண்டே அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையில் பேசினார், ஜனம் கேட்டது. எப்போதும் திக்குமா என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லை, பேசும்போது மட்டும்தான் என்றாராம்.

● 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பேச்சுக் குறைபாட்டுக்குக் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழி இழப்பு போன்றவற்றைத்தான் எடுத்துக்காட்டுகிறது. திக்குவாயின் பெயர் அதில் இல்லை.

● அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள், 1998-இல் தொடங்கியது. அன்றைக்காவது, எதிரில் இருப்பவர் தேடும் வார்த்தையை நாம் எடுத்துக் கொடுக்காமல் இருக்கலாம். ‘மெதுவாப் பேசு, மூச்சை இழுத்து விடு’ என்பதும் வேண்டாம். பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு மேல் திக்கல் நீடித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். இதற்கென்றே மைசூரில் 1965-இல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது; சித்தூரிலிருந்து பெங்களூர் வழியாகப் போகலாம்.