இருபத்தெட்டு அவுட் எடுத்தவர்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய சங்கதி இது. பேஸ்பாலில் ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேஜர் லீகில் 1876-லிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2023 ஜூனில் நியூயார்க் யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மான் வீசியது வரைக்கும் பார்த்தால், பெர்ஃபெக்ட் கேம் என்று ஏட்டில் ஏறியவை 24 மட்டுமே. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பேஸ்பாலில் ஓர் அணிக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் 3 பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி பேட் பிடிக்கும். ஆக, எதிரணியை முடித்து அனுப்ப 27 அவுட் வேண்டும். பந்து வீசுகிறவர் பிட்சர். 60 அடி 6 அங்குலம் தள்ளி, கொஞ்சம் மேடாக்கிய மண்ணில் நின்று வீசுவார். பந்தை அடித்த பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, 90 அடி தூரத்தில் இருக்கும் முதல் பேஸை நோக்கி ஓடுவார். அங்கே நிற்கிற ஃபீல்டரின் கைக்குப் பந்து முதலில் வந்தால் ஓடியவர் அவுட். ஓடியவரின் கால் முதலில் பட்டால் தப்பித்தார்; அந்த அடிக்குப் பெயர் ‘ஹிட்’. அங்கிருந்து மற்ற பேஸ்களையும் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கு, அதாவது ‘வீட்டுக்கு’, வந்துசேர்ந்தால் ஒரு ரன்.

அடித்துவிட்டு ஓடுவது மட்டுமே முதல் பேஸுக்குப் போகும் வழி என்று நினைக்காதீர்கள். பிட்சர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் வீசிவிட்டால் பேட்டர் நடந்தே போகலாம். பந்து உடம்பில் பட்டாலும் போகலாம். ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டாலும் போகலாம். பெர்ஃபெக்ட் கேம் என்றால், இவற்றில் எதுவும் ஒரு தடவைகூட நடந்திருக்கக் கூடாது. வந்த 27 பேரும் முதல் பேஸைத் தொடாமலே திரும்பிப் போயிருக்க வேண்டும். 1999-ல் டெல்லியில் கும்ப்ளே பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் சாய்த்தாரே, அப்போதும் அவர் 74 ரன் கொடுத்திருந்தார். அது அவருடைய சாதனையைத் துளியும் குறைக்கவில்லை. பெர்ஃபெக்ட் கேமில் அப்படி ஒரு ரன்னுக்குக்கூட இடம் கிடையாது.

ஆனாலும் இது பெரிய பிட்சர்களுக்கு மட்டும் வாய்க்கிற விஷயம் இல்லை. வேர்ல்ட் சீரிஸில், அதாவது ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில், ஒரே ஒருவர்தான் பெர்ஃபெக்ட் கேம் வீசியிருக்கிறார். யாங்கீஸின் டான் லார்சன், 1956 அக்டோபர் 8, புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு எதிராக. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1954-ல் அவர் 3 ஆட்டம் ஜெயித்து 21 ஆட்டம் தோற்றவர். அதே 1956 தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாக்குப்பிடிக்காமல் வெளியே போனவர். ஐந்தாவது ஆட்டத்தில் 97 பந்தில் 27 பேரையும் அனுப்பிவைத்தார். கடைசி பேட்டர் அவுட் ஆனதும் பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் யோகி பெர்ரா ஓடிவந்து அவர்மேல் தாவி ஏறிக்கொண்ட படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். 24 பேரில் ஒருவர்கூட இதை இரண்டாவது முறை செய்ததில்லை.

இனி, பட்டியலில் இல்லாத இரண்டு பேர்.

முதலாமவர் ஹார்வி ஹாடிக்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் இடதுகைப் பிட்சர். 1959 மே 26, மில்வாக்கி. உடம்பு சரியில்லாமல், ஜலதோஷத்தோடுதான் அன்றிரவு களத்தில் இறங்கினார். எதிரே ஹாங்க் ஆரன், எடி மாத்யூஸ் எல்லாம் இருந்த பலமான பிரேவ்ஸ் அணி. 9 இன்னிங்ஸ், 27 பேர், 27 அவுட். ஆனால் ஆட்டம் முடியவில்லை. காரணம், அவருடைய அணியும் ரன் எடுத்திருக்கவில்லை. பேஸ்பாலில் சமநிலை கிடையாது. ஜெயிக்கிறவர் தெரிகிற வரை ஆட்டம் நீளும். பத்தாவது இன்னிங்ஸ், பதினொன்று, பன்னிரண்டு. ஹாடிக்ஸ் வீசிக்கொண்டே இருந்தார். 36 பேர், 36 அவுட். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து இவ்வளவு பேரை யாரும் வீழ்த்தியதில்லை. எதிரணியின் லூ பர்டெட் 12 ஹிட் கொடுத்தும் ஒரு ரன்கூட விடவில்லை. ஹாடிக்ஸுக்குக் கைகொடுக்க வேண்டியவர்கள் பன்னிரண்டு தடவை பந்தை நன்றாக அடித்தும் ஓர் ஆளை வீடு கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை.

பதிமூன்றாவது இன்னிங்ஸில் முதல் பேட்டர் ஃபீலிக்ஸ் மன்டிலா தரையோடு ஒரு பந்தை அடித்தார். மூன்றாம் பேஸ் ஃபீல்டர் டான் ஹோக் அதை எடுத்து எறிந்தது சரியாகப் போய்ச் சேரவில்லை. மன்டிலா தப்பினார். பெர்ஃபெக்ட் கேம் அந்த இடத்தில் முடிந்தது. பிட்சரின் கையில் எந்தத் தப்பும் இல்லை. மாத்யூஸ் பந்தை மெல்லத் தட்டி மன்டிலாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஆரனை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். அடுத்து வந்த ஜோ அட்காக் வேலிக்கு மேலே தூக்கி அடித்தார். அது ஹோம் ரன்தான். ஆனால் பந்து வேலியைத் தாண்டியதைக் கவனிக்காத ஆரன், மன்டிலா ரன் எடுத்ததோடு ஆட்டம் முடிந்தது என்று நினைத்து பாதையை விட்டு விலகிவிட்டார். பின்னால் வந்த அட்காக் அவரைத் தாண்டி ஓடியதால் ஹோம் ரன் செல்லாது என்றானது. இறுதிக் கணக்கு 1–0. மேஜர் லீகில் இதுவரை யாரும் வீசாத அளவுக்கு வீசிய மனிதரின் பெயருக்கு எதிரே, அன்றைய ஏட்டில் ‘தோல்வி’ என்று எழுதினார்கள்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. 1991-ல் மேஜர் லீகின் புள்ளிவிவரக் குழு உட்கார்ந்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் என்றால் என்ன என்பதைப் புதிதாக வரையறுத்தது. குறைந்தது 9 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். ஆட்டம் முடிகிற வரை ஹிட் கொடுத்திருக்கக் கூடாது. இந்த ஒரு வரியால் ஏறக்குறைய 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து கழன்றன. அதுவரை பெர்ஃபெக்ட் கேம்களோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்த ஹாடிக்ஸின் ஆட்டமும் வெளியே போனது. தான் என்ன செய்தோம் என்பது தனக்குத் தெரியும் என்று மட்டும் அவர் சொன்னார். 1994 ஜனவரியில் இறந்துபோனார்.

இந்த 1991-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாமவர் அர்மாண்டோ கலராகா. வெனிசுவேலாக்காரர். 2010 மே மாத நடுவில்தான் கீழ்நிலை லீகிலிருந்து டெட்ராய்ட் டைகர்ஸ் அவரைத் திரும்ப அழைத்திருந்தது. ஜூன் 2, டெட்ராய்டின் கொமெரிக்கா பார்க். எதிரணி கிளீவ்லாந்து. எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது 24 பேர், 24 அவுட். இந்த நேரத்தில் அணிக்காரர்கள் யாரும் பிட்சரோடு பேச மாட்டார்கள். பேசினால் கெட்டுவிடும் என்று பேஸ்பாலில் ஒரு பழைய நம்பிக்கை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல் பேட்டர் மார்க் குரூட்ஸிலானெக் அடித்த பந்து மைதானத்தின் ஆழத்துக்குப் பறந்தது. எல்லாம் போயிற்று என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். டைகர்ஸின் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்தார். 25. அடுத்தவர் சுலபமாக அவுட். 26. பிறகு ஜேசன் டொனால்ட் வந்தார்.

அவர் தரையோடு வலப்பக்கம் அடித்தார். முதல் பேஸ் ஃபீல்டர் மிகேல் கப்ரேரா தன் இடத்தைவிட்டு நகர்ந்து பந்தை எடுத்ததால் பேஸ் காலியாக இருந்தது. அங்கே ஓடிவர வேண்டியவர் பிட்சர்தான். கலராகா ஓடிவந்தார், கப்ரேரா எறிந்தார், பந்து கையுறைக்குள் விழுந்தது, கலராகாவின் கால் பேஸில் பட்டது. டொனால்டின் கால் அதற்குப் பிறகுதான் வந்தது. கப்ரேரா கையைத் தூக்கிவிட்டார். நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். தப்பினார் என்று அர்த்தம்.

முதல் பேஸ் நடுவர் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார் என்று தெரிந்தால்தான் இது புரியும். பந்தையும் காலையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கண்ணைப் பேஸின்மேல் வைத்துக்கொண்டு, பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும் என்று நடுவர்களுக்குப் பழக்குகிறார்கள். சத்தம் முதலிலா, கால் முதலிலா? ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். ஜாய்ஸ் சாதாரண நடுவர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் மேஜர் லீகில் நின்றவர். அதே மாதம் ஈஎஸ்பிஎன் நடத்திய வாக்கெடுப்பில் ஆட்டக்காரர்களே அவரைத்தான் மிகச் சிறந்த நடுவர் என்று தேர்ந்தெடுத்தார்கள். அவர் தவறினார்.

கலராகா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். ஜாய்ஸைப் பார்த்து மெல்ல ஒரு சிரிப்பு. கத்தவில்லை, கையுறையை வீசவில்லை. அணியின் மேலாளர் ஜிம் லேலண்ட் ஓடிவந்து வாதாடினார், மற்றவர்கள் சீறினார்கள். கலராகா மேட்டுக்குத் திரும்பிப் போய் அடுத்த பேட்டர் டிரெவர் குரோவை அவுட் ஆக்கினார். மொத்தம் 88 பந்து. 3–0 வெற்றி. எண்ணிப் பார்த்தால் 28 அவுட்.

உள்ளே போய்த் திரையில் பார்த்ததும் ஜாய்ஸ் உடைந்துபோனார். கலராகாவை அழைத்து, கட்டிப்பிடித்து, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையாளர்களிடம் எந்தச் சமாதானமும் சொல்லாமல், அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமைத் தானே கெடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். யாருமே குறையற்றவர்கள் இல்லை என்றார் கலராகா. அன்றிரவே ஜாய்ஸின் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்தன. மறுநாள் ஆட்டத்தில் அவர்தான் பேட்டருக்குப் பின்னால் நிற்க வேண்டிய தலைமை நடுவர். வேண்டுமானால் ஓய்வெடுக்கலாம் என்று லீக் சொல்லியும் வந்தார். ஆட்டம் தொடங்கும் முன் இரு அணிகளும் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வேண்டும். டைகர்ஸ் அந்தத் தாளைக் கலராகாவின் கையில் கொடுத்தனுப்பியது. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, அவர் தோளில் தட்டினார். விளையாட்டில் நான் பார்த்த பெருந்தன்மைகளில் இதற்கு மேலே வைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

திரையில் பார்த்துத் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கிரிக்கெட்டில் 1992-லேயே டர்பனில் சச்சினை டிவி பார்த்து ரன் அவுட் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷம் கழித்தும் மேஜர் லீகில் ஹோம் ரன் எல்லைகளுக்கு மட்டும்தான் அந்த வசதி. பேஸில் கொடுக்கும் தீர்ப்புகளுக்கு 2014-ல்தான் வந்தது.

அன்றைய கமிஷனர் பட் சீலிக் தீர்ப்பை மாற்ற மறுத்தார். மிச்சிகன் ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் அதைப் பெர்ஃபெக்ட் கேம் என்று அறிவித்து ஆணையே வெளியிட்டார். அதற்கு மேஜர் லீக் ஏட்டில் மதிப்பில்லை. மறுத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1985 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில், இதே முதல் பேஸில், நடுவர் டான் டெங்கிங்கர் கான்சஸ் சிட்டியின் ஹோர்ஹே ஓர்டாவைத் தவறாகத் தப்பவிட்டார். 1–0 என்று முன்னிலையில் இருந்த செயின்ட் லூயிஸ் அந்த ஆட்டத்தையும், மறுநாள் கோப்பையையும் இழந்தது. ஒன்றைத் திருத்தினால் அதையும் திருத்து என்பார்கள்.

இந்த இரண்டும் ஒன்றல்ல. 1985-ல் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடந்தது எல்லாம் அதன்மேல் கட்டப்பட்டது. ஓர்டா அவுட் என்றால் பின்னால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டெட்ராய்டில் அப்படி எதுவும் இல்லை. டொனால்ட் அவுட் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வெற்றி, தோல்வி, ரன் எதுவும் மாறாது. கழிய வேண்டியது ஒரே ஒரு ஹிட்டும் அதற்குப் பின் வந்த குரோவின் பேட்டிங்கும்தான். இரண்டு வரி.

ஏட்டைத் தொடக் கூடாது என்ற வாதமும் நிற்காது. ஹாடிக்ஸை வெளியே அனுப்ப 1991-ல் தொட்டார்கள். கறுப்பினத்தவரின் நீக்ரோ லீக் கணக்குகளைச் சேர்க்க 2024-ல் தொட்டார்கள், அதுவும் பல பத்தாண்டுகள் தாமதமாக. அதனால் பேட்டிங் சராசரியில் டை காப் வகித்த முதலிடத்துக்கு ஜாஷ் கிப்சன் வந்தார். நியாயம் என்று பட்டால் ஏடு திறக்கும்.

2022-ல் நியூ ஜெர்சியின் மொன்மத் பல்கலைக்கழக மாணவர்கள் டெட்ராய்ட் தீர்ப்பைத் திருத்தக் கோரி லீகுக்கு எழுதினார்கள். பலனில்லை. கலராகா ஓய்வுபெற்றுவிட்டார், ஜாய்ஸும் ஓய்வுபெற்றுவிட்டார். இதில் மறுப்பதற்கு ஆளே இல்லை: தீர்ப்புச் சொன்னவரே தவறு என்று அன்றிரவே சொல்லிவிட்டார். சீலிக்குக்கு அடுத்து 2015-ல் கமிஷனராக வந்த ராப் மன்ஃப்ரெட் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவர் போட வேண்டும்.