'புரிஞ்சுதா?'ன்னு கேட்காதீங்க

டீம்ல ரெண்டு மூணு வருஷம் ஓட்டிட்டு, இப்போ புதுசா சேர்றவங்களுக்கு வேலை சொல்லித் தர்ற சீனியர்களுக்கான எபிசோடு இது.

நான் சென்னையில இருந்து ஒரு ஜெர்மன் டீமோட எட்டு வருஷமா வேலை செய்றேன். புது ஆள் மீட்டிங்ல பேசாம இருந்தா, எல்லாரும் உடனே சொல்ற காரணம் 'இங்கிலீஷ் வீக்'. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் அது காரணமே இல்ல. அந்த டீமோட எழுதாத விதிகளை யாரும் அவங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

முதல்ல 'ஓகே'. நம்ம ஊர்ல 'சரிங்க சார்'னா, பல நேரம் 'நீங்க சொன்னது காதுல விழுந்தது'ன்னுதான் அர்த்தம். அங்கே 'ஓகே, வெள்ளிக்கிழமை'ன்னா அது வாக்கு. முடியாதுன்னு புதன்கிழமையே சொன்னா வேலையைப் பிரிச்சுக்குவாங்க. வெள்ளி சாயங்காலம் சொன்னா, அடுத்த தடவை நம்ப யோசிப்பாங்க. அதனால, "இதுல பாதிதான் புரிஞ்சுது, நாளைக்குப் பார்த்துட்டு தேதி சொல்றேன்"னு ஒரு தடவை நீங்களே மீட்டிங்ல சொல்லிக் காட்டுங்க. சீனியரே சொல்றாரேன்னு அவங்க பயம் போயிடும்.

அடுத்து, 'ஐ ஹேவ் எ டவுட்'. நமக்கு டவுட்னா கேள்வி. அவங்களுக்கோ, 'நீங்க சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல'ங்கிற மாதிரி கேட்கும். 'கொஸ்டின்'னு மாத்தினாலே போதும்.

மூணாவது நேரம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஜெர்மனியில கடிகாரத்தை மாத்துவாங்க. குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில மூன்றரை. அவங்க காலை 10 மணி மீட்டிங், மார்ச் முடியும்போது நமக்கு மத்தியானம் 2:30ல இருந்து 1:30க்கு வந்துடும். முன்னாடியே சொல்லி வைங்க.

அப்புறம் பேரு. 'ஃபேமிலி நேம்' கட்டத்துல நம்மள்ல பலர் அப்பா பேரைத்தான் போடுறோம். ஜெர்மன்காரர் மரியாதையா 'ஹெர் முருகேசன்'னு கூப்பிட்டா, பையன் அப்பாவைத் தேடுவான். எப்படிக் கூப்பிடணும்னு அறிமுகத்துலயே ஒரு வரி சொல்ல வைங்க.

இதெல்லாம் சின்ன விஷயமாத் தெரியும். ஆனா ரிவ்யூல 'கம்யூனிகேஷன் சரியில்ல'ங்கிற ஒரே வரியால ஒரு பொண்ணு ப்ராஜெக்ட்ல இருந்து பெஞ்சுக்குப் போனதைப் பார்த்திருக்கேன். அவங்க எழுதின கோடுல யாரும் ஒரு குறை சொன்னதில்ல.

இந்த வாரம் உங்க டீம்ல யாராவது புதுசா சேர்ந்திருந்தா, மீட்டிங் முடிஞ்சதும் பத்து நிமிஷம் கூட உட்காருங்க. 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டா 'ம்'னுதான் பதில் வரும். 'இப்போ என்ன முடிவாச்சு, நீங்க சொல்லுங்க'ன்னு கேட்டுப் பாருங்க. எங்க விட்டுப் போச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.